1.4 நனோமீற்றரில் ஓர் உச்சம்

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் வயல் முருங்கனில், கட்டுக்கரைக் குளத்துப் பாய்ச்சலில் இருக்கிறது. மாரியில் காலை விடாத அந்தக் கறுத்த மண் கோடையில் கை நுழையுமளவுக்கு வெடிக்கிறது. அதன் களியை எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு உட்படுத்தியபோது 1.4 நனோமீற்றரில் ஓர் உச்சம் வந்தது. ஈரத்தில் விரியும் களிக் கனியமான சிமெக்டைட் என்று அறிக்கையில் எழுதலாமா?

மண்ணியல் மாணவி, மன்னார்

அன்புள்ள பிள்ளைக்கு,

இந்த ஒரு வரைபடத்தை வைத்து எழுத வேண்டாம். அப்படி வெடிக்கும் மண்ணில் சிமெக்டைட் இருப்பதையே நானும் எதிர்பார்க்கிறேன். அந்த எதிர்பார்ப்பே நம்மை அவசரப்படுத்தும். எக்ஸ் கதிர் அளந்து தருவது களிக் கனியத்தின் அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தை. செம்புக் குழாயின் கதிரில் ஏறத்தாழ 6.3 பாகைக் கோணத்தில் (2θ) விழும் அந்த உச்சம் சிமெக்டைட், வெர்மிக்குலைட், குளோரைட் ஆகிய மூன்று கனியங்களில் எதனுடையதாகவும் இருக்கலாம்.

ஆகவே அடுக்குகளை விரித்தும் சுருக்கியும் பார்க்க வேண்டும். மக்னீசியம் ஏற்றிய களியைக் கண்ணாடித் தட்டில் படியவிட்டு, துகள்கள் படுத்தவாக்கில் அமைந்து உலர்ந்தபின் ஒரு பதிவு எடுங்கள். அதே தட்டை எத்திலீன் கிளைக்கோல் ஆவியில் ஓரிரவு வைத்து மீண்டும் எடுத்தால், சிமெக்டைட்டின் உச்சம் 1.7 நனோமீற்றருக்கு நகரும். குளோரைட் அசையாது, வெர்மிக்குலைட்டும் பெரும்பாலும் அவ்வளவு விரியாது. பொட்டாசியம் ஏற்றிய இன்னொரு தட்டை உலர்ந்த நிலையிலும், பின்னர் 550 பாகை செல்சியசில் சூடாக்கியும் பதியுங்கள். அந்த வெப்பத்தில் சிமெக்டைட்டும் வெர்மிக்குலைட்டும் 1.0 நனோமீற்றருக்குச் சுருங்கிவிட, குளோரைட் மட்டும் 1.4 இலேயே நிற்கும். குளோரைட் இல்லையென்று உறுதியானபின், 0.7 இல் இருந்து இவ்வெப்பத்தில் மறையும் உச்சத்தைக் கயோலினைட் என்ற இன்னொரு களிக் கனியத்தினது என்று எழுதலாம்.

களியைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். களித் துகளின் மேல் எல்லையான 2 மைக்குரோமீற்றர்த் துகள் நீரில் 10 சென்ரிமீற்றர் இறங்க, 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 8 மணித்தியாலம் பிடிக்கும். நம் வன்னி வெக்கையில், 30 பாகை நீரில், 6 மணித்தியாலத்துக்குச் சற்றே கூடுதலான நேரம் போதும். புத்தகத்திலுள்ள நேரத்தை அப்படியே பின்பற்றினால் களியின் பருமனான துகள்களில் ஒரு பகுதியை இழப்பீர்கள். மண்ணில் சுண்ணாம்புக் கட்டிகள் இருந்தால் அவற்றைக் கரைக்கக் கடும் அமிலத்தை ஊற்றாதீர்கள், அது களியையும் சிதைக்கும். pH 5 அளவிலுள்ள சோடியம் அசற்றேற்றுக் கரைசலே ஏற்றது.

நான்கு பதிவுகளையும் ஒரே அளவுகோலில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து அனுப்புங்கள். அருகிலுள்ள மேட்டுச் செம்மண்ணிலும் ஒரு மாதிரி எடுத்து, இதே முறையில் பதிந்து, அதையும் சேர்த்து அனுப்பினால் இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.