“உதவ வாருங்கள்” என்றால் ஏன் யாரும் வருவதில்லை?

முன்னாள் மாணவர் சங்கம் ஒன்றில் பதினோரு வருடமாகத் தன்னார்வப் பணிகளை ஒருங்கிணைத்து வருகிறேன். கல்லூரி மாணவர்களையும் புதிதாகப் படித்து முடித்தவர்களையும் பொதுக்காரியத்துக்கு இழுப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (மாணவர் மன்றச் செயலாளர்): வாட்ஸ்அப் குழுவில் நானூறு பேர் இருக்கிறோம். ‘தன்னார்வலர் தேவை’ என்று போட்டால் நாற்பது கட்டைவிரல் வருகிறது. அன்றைக்கு வந்து நிற்பதோ நாலு பேர்!

பதில்: நாலு பேர் வந்தார்களா, பரவாயில்லையே! எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட அழைப்பை யாரும் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. ஆளைப் பார்த்துக் கேளுங்கள். “சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஆறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரணும். நாலு வாரம்தான். நீ பின்னத்தை நன்றாக விளக்குவாய், வருகிறாயா?” இதில் என்ன வேலை, எவ்வளவு நேரம், எப்போது முடியும், ஏன் உன்னைக் கேட்கிறேன் என்ற நாலும் இருக்கின்றன. பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவது. எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்கு யார் தலைகொடுப்பார்கள்?

கேள்வி (வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்): கல்விக்கடனே இன்னும் அடையவில்லை. நான் சமூகத்துக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

பதில்: காசை விடுங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தருவதாக உறுதிமொழி எடுக்கும் ‘கிவிங் வாட் வீ கேன்’ 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. நல்ல விஷயம்தான், கடன் அடைந்தபிறகு யோசிக்கலாம். இப்போது உங்களிடம் இருப்பது சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு: முதல் வேலை தேடிய ஞாபகம். இருபது வருட அனுபவசாலி வந்து பேசினால் கைதட்டுவார்கள். ஆனால் முதல் இன்டர்வியூவில் கை எப்படி வியர்க்கும் என்பது அவருக்கு மறந்தே போயிருக்கும்.

எங்கள் சங்கத்தில் ஒரு பெண், படித்து முடித்த எட்டாம் மாதம், ஜூனியர்களின் ரெஸ்யூமேக்களைப் பார்க்க உட்கார்ந்தார். எல்லாவற்றிலும் இருந்த ‘கடின உழைப்பாளி’ என்ற வரியை முதலில் அடித்தார். அப்புறம் ஒரு பையனிடம், “குழுவாகச் செயலி செய்தோம் என்று எழுதியிருக்கிறாய். அதில் உன் கை பட்டது எது?” என்று கேட்டார். அவன் தயங்கித் தயங்கி, “செயலி அடிக்கடி நின்றுபோகும், ஏன் என்று கண்டுபிடித்தது நான்தான்” என்றான். “அதை எழுதுடா முதலில்!” அவனுக்காக அந்தப் பெண் செலவிட்ட நேரம் நாற்பது நிமிடம்கூட இருக்காது.

கேள்வி: எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. 1971இல் இலினாய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்து மற்றவர்கள் படிக்க வைத்தார். புராஜெக்ட் குட்டன்பர்க் மின்னூலகம் அப்படித்தான் ஆரம்பித்தது. உங்களுக்குத் தமிழ் விக்கிமூலம் பொருந்தும்; பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் சேர்ந்து இணையத்தில் ஏற்றும் இலவச நூலகம் அது. ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தின் பக்கம் ஒருபுறம், கணினி படித்துத் தந்த எழுத்து மறுபுறம் இருக்கும். ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும், துணைக்கால் இடத்தில் ‘ர’வும் வந்து நிற்கும். ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கத்தின் நிறம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. அந்தப் பச்சைக்கு ஒரு போதை உண்டு, எச்சரிக்கிறேன்.

கேள்வி (பேராசிரியர்): சேவைக்கு மதிப்பெண் கொடுத்துக் கட்டாயமாக்கினால் என்ன?

பதில்: கையெழுத்து வாங்க வருவார்கள். நானே அந்தத் தப்பைச் செய்தேன். சான்றிதழ் உண்டு என்று அறிவித்து, ஒரு பள்ளிக்குச் சுவர் பூச அறுபது பேரை அழைத்துப் போனேன். தூரிகை இருந்தது இருபது. மதியத்துக்குள் படம் எடுத்து முடித்துப் போய்விட்டார்கள். மீதிச் சுவரை மறுநாள் நானும் காவலாளியும் பூசினோம்.

கேள்வி: வருடத்துக்கு ஒரு பெரிய ரத்ததான முகாம் நடத்துகிறோம். போதாதா?

பதில்: முகாம் நல்லதுதான். ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஐந்து முதல் ஏழு நாள் வரைதான் வைத்திருக்க முடியும். சிவப்பணுக்களே ஆறு வாரம்தான் தாங்கும். ஒரே நாளில் இருநூறு பேர் வருவதைவிட, மாதம் பதினைந்து பேர் முறைவைத்துப் போவது ரத்த வங்கிக்கு உபயோகம். பரீட்சை மாதத்திலும் விடுமுறையிலும் மாணவர் கூட்டம் கலைந்துவிடும். அந்த மாதங்களுக்குப் பட்டியலை முன்பே போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் செய்தது என்ன ஆயிற்று என்று சொன்னீர்களா? ‘அனைவருக்கும் நன்றி’ என்று பூங்கொத்துப் படம் அனுப்பியிருப்பீர்கள். “நீ சொல்லிக்கொடுத்த பையன் இன்று பலகையில் தானே கணக்குப் போட்டான்” என்று தனியாக ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை வரும்போது சாவியையோ வருகைப் பதிவேட்டையோ கையில் கொடுங்கள். மூன்றாம் முறை ஒரு ஜூனியரையும் கூட்டிவரச் சொல்லுங்கள், அவர் வெளியூர் வேலைக்குப் போனால் சாவி வாங்க ஆள் வேண்டுமே.