மூலையறைக்கு எட்டாத வைஃபை: கேள்வி பதில்

வீட்டுக்குள் வைஃபை எட்டாத இடங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்றே தொடங்கின. பெட்டி வாங்குவது கடைசி வேலை. முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும், பிறகு மோடத்தின் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும், அதிலும் தீராவிட்டால் கேபிள் இழுக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது படியிலேயே வேலை முடிந்துவிடும்.

மதுரை: அண்ணா, கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால் மோடம் இருக்கிறது. மாடி அறையில் மகளால் ஆன்லைன் வகுப்பு கவனிக்க முடியவில்லை, படம் அப்படியே நின்றுவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் கனெக்‌ஷன் கொடுத்தவர். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள் தம்பி. நீங்கள் பணம் கட்டுவது தெருவிலிருந்து மோடம் வரை வரும் வேகத்துக்கு. மோடத்திலிருந்து மாடிக்குப் போவது வேறு கணக்கு. ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக மோடத்தில் செருகி வேகம் பாருங்கள். 90க்கு மேல் வந்தால் லைனில் குறையில்லை, கோளாறு வீட்டுக்குள்தான். அங்கேயே 20, 30 என்று வந்தால் நிறுவனத்தில் புகார் கொடுங்கள், வைஃபையைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து, மாடியில் சிக்னலை எண்ணால் அளந்து பாருங்கள். போனில் தெரியும் கோடுகளை நம்பக் கூடாது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி எதுவும் டிபிஎம் (சிக்னலின் வலிமையை அளக்கும் அலகு) கணக்கில் காட்டும். ஐபோன் என்றால் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியை இறக்கி, செட்டிங்ஸில் அதற்குரிய வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மோடத்தின் பக்கத்தில் -35, -40 இருக்கும். -67 வரை வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓடும். -75ஐத் தாண்டினால் திணறும். -85இல் வைஃபையின் பெயர் தெரியும், வேலை நடக்காது. 10 குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும், 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. "நடுவில் ஒரே ஒரு சுவர்தானே" என்று பலர் சொல்கிறார்கள். அந்த ஒரு சுவரே -60ஐ -75 ஆக்கிவிடும்.

உங்கள் வீட்டில் மோடத்துக்கு முன்னால் டிவியின் உலோக முதுகு, தலைக்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். மோடத்தை மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டுங்கள். அந்தத் தளத்தில் இருக்கும் பெரிய திறப்பு படிக்கட்டுதான், சிக்னலும் அந்த வழியாகவே மேலே ஏறும். மோடத்துக்கு வருவது ஃபைபர் கேபிள் என்றால் அதை மட்டும் நீங்களாக இழுத்து மடக்காதீர்கள். உள்ளே இருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, கூர்மையாக வளைத்தால் ஒளி கசியும் அல்லது இழை முறிந்துவிடும். லைன் வேலை பார்ப்பவரிடம் சொன்னால் நீட்டிப் போட்டுக் கொடுப்பார். இடம் மாறியதும் மாடியில் மறுபடி அளந்து பாருங்கள்.

மதுரை, மறுபடியும்: மோடத்தில் நான்கு ஆன்டெனா இருக்கிறது. நான்கையும் மாடி அறையை நோக்கி நீட்டி வைக்கலாமா?

கூடாது. குச்சி ஆன்டெனாவின் நுனி வழியாக அலை மிகக் குறைவாகவே போகும், பக்கவாட்டில்தான் பரவும். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா அதே தளத்துக்கு உதவும். மேல்தளம் வேண்டுமென்றால் ஒன்றிரண்டைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

சென்னை, பெரம்பூர்: அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்கள் பிளாட் சிறியது, எல்லா அறையிலும் சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன் சார்?

சிக்னல் இருக்கிறது, பேச இடம் இல்லை. வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள், அதாவது அலை போகும் பாதைகள், மூன்றுதான்: 1, 6, 11. உங்கள் கட்டடத்தில் இருக்கும் அத்தனை வீட்டு மோடமும் இந்த மூன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்து வீட்டு மோடம் பேசும்போது உங்களுடையது வாய் மூடிக் காத்திருக்கும். அதுதான் வைஃபையின் விதி. எட்டு மணிக்கு எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள்.

போனையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அதில் சேனல்கள் அதிகம், அந்த அலை சுவரைத் தாண்டுவதில் பலவீனம் என்பதால் பக்கத்து வீட்டுத் தொந்தரவும் குறைவு. பலவீனமே இங்கே உங்களுக்குச் சாதகம். 2.4இல் சேனலின் அகலத்தை வெறும் 20 மெகாஹெர்ட்ஸில் விட்டுவிடுங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்று எழுதியிருப்பார்கள். நெரிசலில் அது உங்களுக்கும் கேடு, அயலாருக்கும் கேடு. இவ்வளவும் செய்த பிறகும் தடை இருந்தால், அதே நேரத்தில் லேன் கேபிள் சோதனை செய்யுங்கள். சில இடங்களில் நெரிசல் லைனிலேயே இருக்கும்.

சேலம்: படுக்கையறையில் சிக்னல் வரவில்லை என்று ரிப்பீட்டர் வாங்கி அந்த அறையிலேயே செருகினேன். இப்போது கோடுகள் முழுதாக வருகின்றன, ஆனால் இணையம் முன்பைவிட மோசம்.

கேட்காத காதுக்காரரிடம் சேதி சொல்லி அனுப்பினால் அவர் என்னத்தைத் திருப்பிச் சொல்வார்? ரிப்பீட்டருக்குக் கிடைப்பதைத்தான் அது திருப்பித் தரும். நீங்கள் பார்க்கும் முழுக் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ளவை. ரிப்பீட்டருக்கும் மோடத்துக்கும் இடையே உள்ளதை அவை காட்டாது. மோடத்தின் சிக்னல் -60, -65 இருக்கும் இடத்தைத் தேடிப் பாதி வழியில் செருகுங்கள். அப்போதும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் ரிப்பீட்டர் என்றால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். அதன் அடியில் லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்து, அமைப்பில் "ஆக்சஸ் பாயின்ட்" (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) என்று மாற்றிவிடுங்கள். படுக்கையறையிலேயே இருக்கட்டும், வேகம் குறையாது.

திருச்சி: பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மாடிக்குப் பயன்படுத்த முடியுமா?

தாராளமாக. முதலில் அதன் முகவரியை மாற்றுங்கள்: மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. பிறகு அதில் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள், முகவரி வழங்கும் வேலையை மோடம் மட்டும் செய்யட்டும். கேபிளை வேறு நிறத்தில் இருக்கும் வேன் (WAN) துளையில் செருகாமல் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ள மோடத்தில் இருப்பதைப் போலவே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு.

காரைக்குடி: எங்கள் பூர்விக வீட்டில் விருந்தினர் தங்குகிறார்கள். முகப்பில் மோடம் இருக்கிறது. வளவுக்கு (நடு முற்றத்துக்கு) வந்தால் கொஞ்சம் கிடைக்கிறது, அதற்கு அடுத்த இரண்டாங்கட்டில் சுத்தமாக இல்லை. சுவரைத் துளைக்க மனம் வரவில்லை.

துளைக்கவே வேண்டாம். முட்டை வெள்ளை கலந்து மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புப் பூச்சை இன்றைக்குச் செய்து கொடுக்கும் கை எத்தனை பேருக்கு இருக்கிறது? பெரிய ரவுட்டர் வாங்கியும் பயனில்லை, அந்தச் சுவர்களின் கனத்தை எந்த ரவுட்டரும் வெல்லாது. ஆனால் உங்கள் வீட்டின் அமைப்பே உங்களுக்குத் துணை. அறைகளின் கதவுகள் எல்லாம் வளவைப் பார்த்துத்தான் திறக்கின்றன. வளவோ திறந்த வெளி, அங்கே அலையைத் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே முகப்பிலிருந்து சுவரை ஊடுருவ முயலாமல், வளவின் தாழ்வாரத்தில் சாரல் படாத உயரத்தில், ஒரு தூணின் மேற்புறம் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் இடையில் நிற்பது மரக்கதவு மட்டும். மரம் அந்தச் சுவரைவிட எவ்வளவோ மேல். இரண்டாங்கட்டிலும் திறந்த முற்றம் இருந்தால் அங்கே இன்னொன்று.

கேபிளை உத்தரத்தின் மேல் விளிம்பில், கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி கொண்டுபோகலாம். நிலைக்கதவுக்கு மேலே காற்றோட்டத் திறப்பு இருந்தால் அதன் வழியாக ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போய்விடலாம். இந்த ஆக்சஸ் பாயின்ட்களுக்கு அதே லேன் கேபிளிலேயே மின்சாரமும் போகும் வகையை வாங்குங்கள். பிஓஇ என்று கேட்டால் கடையில் தருவார்கள். தூணுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டியதில்லை.

ஒன்று கவனியுங்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் ஸ்டீல் கொசுவலை அடித்திருந்தால் அதன் நெருக்கமான உலோகக் கண்ணிகள் சிக்னலைப் பெருமளவு தடுத்துவிடும். நைலான் வலைக்கு அந்தக் குறை இல்லை.

நாமக்கல்: புது வீடு பூச்சு வேலைக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?

நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சுவர் பூசிய பிறகு ஆயிரங்களில் ஆகிற வேலை இப்போது ஒரு குழாயோடு முடியும்.

மோடம் வரப்போகும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுப்பகுதிக்கும், டிவி இருக்கும் சுவருக்கும், படிக்கும் மேசைக்கும் 25 மில்லிமீட்டர் குழாய் தனியாகப் போடச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே லேன் கேபிளையும் செருக எலக்ட்ரீஷியன் முயல்வார், விடாதீர்கள். அது பாதுகாப்பும் இல்லை, சிக்னலுக்கும் இடைஞ்சல். வளைவுகளை அகலமாக வைக்கச் சொல்லுங்கள். கேபிள் இழுத்த பிறகும் குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள், பத்து ஆண்டு கழித்து வேறு கேபிள் இழுக்க அது உதவும்.

கேபிள் கேட் 6, முழுச் செம்பு. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். கடையிலேயே ஒரு துண்டை உரித்து, கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு இழுவை 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வீட்டுக்குள் அந்தக் கவலை வராது. முனை அடித்ததும் எட்டு கம்பிகளும் வேலை செய்கின்றனவா என்று டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு மட்டும் சேர்ந்திருந்தாலும் இணையம் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது.

மோடத்தைப் பரணிலோ இரும்புப் பெட்டிக்குள்ளோ மறைத்து வைக்கும் திட்டம் இருந்தால், அதில் வைஃபையை எதிர்பார்க்காதீர்கள். அந்த வேலையை ஹாலில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் செய்யட்டும்.

யாழ்ப்பாணம்: எங்களுக்கு ஃபைபர் இல்லை, சிம் போடும் 4ஜி ரவுட்டர். நடு அறையில் வைத்தால் வைஃபை நன்றாக இருக்கிறது, இணையம் மெதுவாக இருக்கிறது. மேல்மாடி ஜன்னலில் வைத்தால் நேர்மாறு. எது சரி?

இரண்டு சிக்னலுக்கும் ஒரே பெட்டி பொறுப்பாக இருப்பதால் வரும் சங்கடம் இது. டவரிலிருந்து வருவதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அது மெதுவாக இருந்தால் வீட்டுக்குள் எவ்வளவு நன்றாகப் பரப்பியும் பயனில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று, டவர் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஓர் எண் இருக்கும். வைஃபை எண்ணோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அதன் அளவுகோல் வேறு. -80 மிக நன்று, -100 பரவாயில்லை, -110ஐத் தாண்டினால் மோசம். ஜன்னல் ஜன்னலாக வைத்துப் பார்த்து, நல்ல எண் வரும் இடத்தில் ரவுட்டரை நிலைநிறுத்துங்கள். அங்கிருந்து ஒரு லேன் கேபிளைக் கீழே இறக்கி, நடு அறையில் திருச்சிக்காரருக்குச் சொன்னது போல ஒரு பழைய ரவுட்டரை வையுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, பேரன் தூங்கும் அறையில் இரண்டாவது பெட்டி வைக்கச் சொல்கிறார்கள். கதிர்வீச்சு என்று பயமாக இருக்கிறது.

ஐயா, வீட்டு வைஃபை பெட்டி அனுப்பும் சக்தி பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும், அதுவும் விட்டு விட்டு. எக்ஸ்ரே போல உடலின் உயிரணுக்களைச் சேதப்படுத்தக்கூடிய வகை அலையும் அல்ல இது. மனம் ஒப்பவில்லை என்றால் அறைக்கு வெளியே வராந்தாவில் வையுங்கள், கதவு வழியே போதுமான சிக்னல் போகும். இரவில் அணைத்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் மோடத்தையே அணைத்தால், அதில் இணைந்திருக்கும் வீட்டுத் தொலைபேசியும் நின்றுபோகும். அவசரத்துக்கு அதை நம்பியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை: மூன்று பெட்டி மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் அமைப்பு) போட்டிருக்கிறோம். பேசிக்கொண்டே மாடியேறினால் அழைப்பு அறுந்துவிடுகிறது.

எப்போது பெட்டி மாறுவது என்று முடிவு செய்வது உங்கள் போன்தான், மெஷ் அல்ல. கீழே இருப்பதை அது -80 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அமைப்பில் ஃபாஸ்ட் ரோமிங் (பெட்டி மாறுவதை வேகமாக்கும் வசதி) இருந்தால் இயக்குங்கள். சக்தி அளவை மாற்ற முடிந்தால் கீழ்ப்பெட்டியில் "மீடியம்" வையுங்கள், போன் சீக்கிரம் கைவிடும். மூன்றும் காற்றிலேயே பேசிக்கொள்கின்றனவா? கான்கிரீட் வீட்டில் அதுதான் பெரிய இழப்பு. மாடிப் பெட்டிக்காவது கேபிள் கொடுங்கள்.

பொள்ளாச்சி: வீட்டிலிருந்து 200 மீட்டரில் தோப்புக்குள் மோட்டார் அறை. அங்கே ஒரு கேமரா வைக்க வேண்டும். பெரிய ஆன்டெனா வைத்த ரவுட்டர் போதுமா?

போதாது. நீங்கள் கத்தினால் அங்கே கேட்கும், அங்கிருந்து கேமரா பேசுவது உங்களுக்குக் கேட்க வேண்டாமா? லேன் கேபிளும் 100 மீட்டரோடு சரி. நேர்ப்பார்வை இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பாயின்ட் டு பாயின்ட் ஜோடி (ஒன்றையொன்று நேராகப் பார்த்துப் பேசும் இரண்டு பெட்டிகள்) ஒன்றை இரு முனையிலும் கம்பத்தில் மாட்டலாம், 200 மீட்டர் அதற்கு எளிது. ஆனால் நடுவே தென்னை ஓலை வந்தால், அதுவும் மழையில் நனைந்த ஓலை என்றால், இணைப்பு தடுமாறும். மரம் வளரும், ஓலை தாழும்.

அதனால் தோப்புக்கு நான் ஃபைபரைத்தான் சொல்வேன். சிங்கிள் மோட் என்ற வகை ஃபைபர் கேபிள், இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் சிறு பெட்டி). கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, எனவே தோப்பில் இடி விழுந்தால் அந்த வழியாக வீட்டுப் பெட்டிகளுக்கு மின்னல் வராது. செம்புக் கேபிளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உள்ளே எஃகுக் கம்பியோ தகடோ இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, கலப்பை எட்டாத ஆழத்தில் புதைத்து, குழாயின் இரு வாயையும் அடைத்துவிடுங்கள், எலி நுழையும்.