அரசு ஆய்வாளர் நடவடிக்கை இல்லாமல் விமானத்தைப் பார்த்துத் தருகிறேன் என்றாலும் உரிமையாளர்கள் ஏன் ஒதுங்குகிறார்கள்?

அமெரிக்காவில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 1970-களில் செய்த செஸ்னா 172 என்ற ஒரு சிறிய விமானம் வைத்திருக்கிறோம். அங்குள்ள விமானத் துறையான எஃப்.ஏ.ஏ., "விருப்பமிருந்தால் கொண்டு வாருங்கள், குறை இருந்தால் சொல்கிறோம், தண்டனை கிடையாது" என்று முன்பு பேஸ் என்ற பெயரில் ஒரு திட்டமே நடத்தியது. அப்படி ஓர் அழைப்பு இன்று வந்தால் நானும் தயங்குவேன்.

விமானம் பழுதாக இருக்குமோ என்ற பயத்தால் வரும் தயக்கம் இல்லை இது. 12 மாதத்துக்கு ஒரு முறை, அதற்கென்று அதிகாரம் பெற்ற மெக்கானிக் பிரித்துப் பார்த்து லாக்புக்கில், அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில், கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் பறக்கவே முடியும். எங்கள் பயமெல்லாம் காகிதத்தைப் பற்றியது. ஒரு விமானம் பறக்கத் தகுதியானது என்றால் பாதுகாப்பான நிலையில் இருந்தால் மட்டும் போதாது. அனுமதி பெற்ற வடிவமைப்போடும் அது பொருந்த வேண்டும். பல கை மாறிய பழைய விமானத்தில் இந்த இரண்டாவது பாதிதான் வம்பு. யாரோ எப்போதோ மாற்றித் தைத்த இருக்கைத் துணி, கூடுதலாக மாட்டிய ஆண்டெனா. பெரிய மாற்றம் என்றால் அதைப் பதிவு செய்த 337 என்ற படிவம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பறந்தாலும் தகுதியில்லை. பொறுப்போ முதலில் உரிமையாளர் தலையில். ஆய்வாளர் வாய்விட்டுச் சொன்ன நிமிடத்திலிருந்து "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அபராதம் இல்லை, சரி. ஆனால் விமானம் கொட்டகையை விட்டு நகராது.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு வருடாந்திரப் பரிசோதனையில் மெக்கானிக் இருக்கையைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்து டார்ச் அடித்து, "இங்கே வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார். முந்தைய உரிமையாளர் யாரோ போட்ட இன்டர்காமின் வயர், கட்டாமல் தொங்கிக் கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதன் தண்டு வயரில் உரசி, மேல்தோல் தேய்ந்து செம்பு பளபளத்தது. லாக்புக்கில் அந்த இன்டர்காமைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வயரைச் சரி செய்ய ஒரு மணி நேரம். காகிதத்தைச் சரி செய்ய மூன்று வாரம். அதே வயரை ஓர் அரசு ஆய்வாளரும் கண்டுபிடித்திருப்பார். நாங்கள் காட்டியிருக்க மாட்டோம் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விமானிகள் விஷயத்தில் இதே அவநம்பிக்கைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்கு இறங்கி வந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற பயணிகள் விமானம், சீக்கிரமே தாழ இறங்கி, வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்பு வேறு நிறுவனத்தின் விமானம் ஒன்றும் அதே இடத்தில் அதே தவறைச் செய்து தப்பியிருந்தது. அந்தத் தகவல் அந்த நிறுவனத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. அடுத்த ஆண்டே எஃப்.ஏ.ஏ. "தவறுகளைச் சொல்லுங்கள், தண்டிக்க மாட்டோம்" என்று ஒரு திட்டம் தொடங்கியது. லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் போய் யார் சொல்வார்கள்? அப்புறம் 1976-ல் அந்தப் பொறுப்பை நாசாவிடம் கொடுத்தார்கள். அனுப்பியவர் பெயர் உள்ள பகுதியை நாசா தனியே கிழித்து அவருக்கே திருப்பி அனுப்பிவிடும். நம்பிக்கை வந்தது, அறிக்கைகளும் குவிந்தன.

2015-லிருந்து எஃப்.ஏ.ஏ.வும், வேண்டுமென்றே செய்யாத தவறுகளைத் தண்டிப்பதைவிடத் திருத்துவதையே முதலில் பார்க்கிறது. அது நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் விமானப் பரிசோதனைக்கு நாசா மாதிரி நடுவில் நிற்கும் ஆள் யாரும் இல்லை. வருகிற ஆய்வாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எந்த விமானத்தையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி சோதிக்கச் சட்டம் அவர் துறைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

அதனால் நாங்கள் மூவரும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கை மாற்றி, லாக்புக்குகளை முதல் பக்கத்திலிருந்து புதியவர் கையில் கொடுத்துவிடுவோம். அந்த வயரைக் கண்டுபிடித்தவர் அப்படிப் புதிதாக வந்தவர்தான்.