நெஞ்செலும்புக்குத்தான் ரெஸ்ட்டு, மனுசனுக்கு இல்ல

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல இதய பைபாஸ் ஆப்பரேஷன் பத்தித்தான். நான் முப்பது வருசம் நர்ஸா இருந்தவ, எங்க வீட்டுக்காரருக்கும் 2016-ல பைபாஸ் ஆச்சு. அதனால ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பேசுறேன். ஆஸ்பத்திரியில நின்னப்போ தெரியாத பல விசயம் வீட்டுக்கு வந்த பெறகுதான் எனக்கே தெரிஞ்சது.

அக்கா, எங்க அப்பாவுக்கு 58 வயசு, பாம்பன்ல சொந்தமா ஒரு விசைப்படகு இருக்கு. மீன்பிடித் தடைக்காலத்துல தொழில் கெடாதுன்னு மே முதல் வாரமே மதுரையில பைபாஸ் வச்சுக்கிட்டோம். வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறார், சாப்பாடு வாய்க்குப் பிடிக்கலங்கிறார், ராத்திரி உக்காந்து அழுறார், காலையில கேட்டா எரிஞ்சு விழுறார். சொந்தக்காரங்க கூட்டம் கூட்டமா வர்றாங்க. அம்மா கட்டில விட்டு இறங்கவே விடுறதில்ல. ஜூன் 15 கடலுக்குப் போயே தீருவேங்கிறார். என்னக்கா செய்யிறது?

அப்பாவுக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு மொதல்ல புரிஞ்சுக்கம்மா. நெஞ்சு நடுவுல இருக்குற எலும்பை நீளவாக்குல அறுத்துத் திறந்து, நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு ரத்தக்குழாய், கால்லேர்ந்து ஒண்ணு ரெண்டு குழாய்னு எடுத்து அடைப்புக்குச் சுத்துவழி போட்டுட்டு, எலும்பை ஸ்டீல் கம்பியால கட்டி மூடியிருப்பாங்க. தோல் ரெண்டு வாரத்துல மூடிரும், எலும்பு நல்லா கூட ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் ரெஸ்ட்டு அந்த எலும்புக்குத்தான், மனுசனுக்கு இல்ல. இதை அம்மாகிட்ட நாலு தடவை சொல்லு. பாவம், அவங்க பயத்துல அப்பாவைக் கட்டில்லயே போட்டு வச்சிருக்காங்க, அதுதான் தப்பு. படுத்தே கிடந்தா நுரையீரல்ல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், மனசும் சேர்ந்து படுத்துக்கும்.

எலும்புக்கு ரெஸ்ட்டுன்னா கையால பாரம் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது. ரெண்டு மூணு கிலோவுக்கு மேல வேணாம். நம்ம ஊர் பிளாஸ்டிக் குடம் நிறைஞ்சா பதினஞ்சு கிலோ வரும், அதுல கையே வைக்க வேணாம். அடிபம்பு அடிக்கிறது, பைக்கை ஸ்டாண்ட் போடுறது, வலை இழுக்குறது எதுவும் ஆகாது. பேரப்பிள்ளையத் தூக்குறதும்தான், ஒரு வயசுப் பிள்ளை எட்டு ஒம்பது கிலோ இருக்கும்ல. பிள்ளைய மடியில கொண்டுவந்து நீங்க உக்கார வைங்க. எந்திரிக்கும்போது கையப் பிடிச்சு இழுத்துத் தூக்குறது எல்லா வீட்டுலயும் நடக்கும், அத நிறுத்துங்க. ஒருக்களிச்சுப் படுத்து, காலைக் கீழ தொங்கவிட்டு, நீங்க தோளுக்குப் பின்னாடி கைய வச்சுத் தாங்குனா போதும். பாய் வேணாம், கட்டில்தான். கீழ உக்கார்ற கக்கூஸா இருந்தா ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேர் ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க, குத்தவச்சு உக்காந்தா எந்திரிக்கையில ரெண்டு கையையும் ஊனித்தான் ஆகணும். மலச்சிக்கல் வராம பாத்துக்கங்க, வந்தா டாக்டர்கிட்ட கேட்டு மருந்து வாங்குங்க, வெக்கப்பட்டு முக்கிக்கிட்டு இருக்க வேணாம். இருமல் தும்மல் வந்தா ஒரு சின்னத் தலகாணிய நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கச் சொல்லு. எங்க வீட்டுக்காரர் அந்தத் தலகாணிய ஆறு மாசம் விடல, அதுக்கு பொண்டாட்டின்னு பேரே வச்சிருந்தாங்க பிள்ளைங்க.

நடக்கணும். மொதல்ல வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிசம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. பெறகு தெருவுல, வெயிலுக்கு முன்னாடி. நடந்துக்கிட்டே பேச முடியணும், மூச்சு வாங்கிப் பேச்சு நின்னா உக்காரணும். கடற்கரை காத்து நல்லதுன்னு மணல்ல கூட்டிட்டுப் போயிராத, மணல்ல நடக்குறது தரையில நடக்குறதவிடப் பெரிய வேலை, அதெல்லாம் அப்புறம். உக்காரும்போது குழாய் எடுத்த காலை ஸ்டூல் மேல தூக்கி வச்சுக்கணும், சம்மணம் வேணாம். அந்தக் கால் கொஞ்சம் வீங்கும், கணுக்கால் பக்கம் மரத்துப்போகும். இடது பக்க நெஞ்சும் தொட்டா உணர்ச்சி இல்லாத மாதிரி இருக்கும், நிறைய பேர் அதை மறுபடி அட்டாக்னு பயந்து ராத்திரி ஆட்டோ பிடிச்சு ஓடியிருக்காங்க. உள்ளேயிருந்து குழாய் எடுத்த இடம் அது, மாசக்கணக்குல மெல்லச் சரியாகும்.

இப்ப அழுகைக்கு வர்றேன். பைபாஸ் முடிஞ்சவங்கள்ல நிறைய பேருக்கு இது வரும், ஆம்பளைங்களுக்கு அது கோவமா வெளிய வரும். நாக்கு ருசி கெட்டுப்போறதும், தூக்கம் சிதறுறதும், கெட்ட கனவும் மொத சில வாரம் சகஜம். ஆனா உங்க அப்பாவுக்கு இன்னொண்ணும் இருக்குன்னு எனக்குத் தோணுது. நாப்பது வருசமா படகுல போய் வந்த மனுசன், இப்ப ஒரு தம்ளர் தண்ணிக்குப் பொண்டாட்டியக் கூப்பிடணும், நெஞ்சுமுடியெல்லாம் செரைச்சுவிட்டுத் தையலோட உக்காந்திருக்கார், வர்றவன் போறவனெல்லாம் "எத்தன அடைப்பு, எவ்வளவு செலவாச்சு"ன்னு கேக்குறான். எனக்கே எரிச்சலா வரும். அதனால கூட்டத்தைக் குறைங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும்னு வாசல்லயே சொல்லிருங்க, சளி காய்ச்சல் உள்ளவங்க உள்ள வரவே வேணாம். அத்தை கோவிச்சுக்கும், கோவிச்சுக்கட்டும். "உனக்கு ஒண்ணுமில்ல தைரியமா இரு"ன்னு சொல்றத விட்டுட்டு அவர்கிட்ட படகுக் கணக்கக் கேளு. டீசல் பாக்கி என்ன, வலை எங்க கிழிஞ்சிருக்கு, டிரைவரா யாரை அனுப்பலாம்னு கேளு. ரெண்டு வாரத்துக்கு மேலயும் இப்படியே அழுகையா இருந்தா, இல்ல "நான் போயிருந்தாலே நல்லாருந்திருக்கும்"னு ஒரே ஒரு தடவை சொன்னாக்கூட, செக்கப்புல டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லணும். 14416-னு ஒரு நம்பர் இருக்கு, டெலிமானஸ், மனசு சரியில்லாதவங்க பேசுறதுக்கு அரசாங்கம் வச்சது, எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

ஜூன் 15 கடலா? வேணாம்மா. தடை 14-ஆம் தேதியோட முடியும்போது அவருக்கு ஆறு வாரந்தான் ஆகியிருக்கும். ஆடுற படகுல தடுமாறுனா கை தன்னால எதையாச்சும் பிடிச்சு இழுக்கும், எலும்பு விட்டுச்சுன்னா நடுக்கடல்ல 108 வராது. மூணு மாசம் முடியட்டும், எக்கோ, டிரெட்மில் டெஸ்ட்டெல்லாம் பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும். அதுக்காக வீட்டுலயே பூட்டி வைக்காதீங்க, மொதநாள் படகு கரைக்கு வரும்போது ஒரு சேரைத் தூக்கிட்டுப் போய் ஏலம் போடுற இடத்துல உக்கார வைங்க. ஏலத்துல சத்தம் போடாம இருக்கணும்னு சொல்லித்தான் விடணும், கேப்பாரான்னு பாப்போம்.

உடனே தூக்கிட்டு ஓட வேண்டியது எதுக்குன்னா: தையல்லேர்ந்து சீழ், குளிர் காய்ச்சல், இருமும்போது நெஞ்செலும்பு டக்குடக்குன்னு அசையிறது, படுத்தா மூச்சு முட்டுறது, ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ எடை ஏறுறது, மயக்கம், படபடப்பு நிக்காம இருக்குறது, வாய் கோணுறது. தினம் காலையில எடை பாருங்க, ரேசன் கடை தராசு இல்ல, வீட்டுல ஒரு மெசின் வாங்கிக்கங்க.

அம்மாவைத் தூங்க வை. நீயும் தம்பியும் ராத்திரி முறை போட்டுக்கங்க. பெரும்பாலும் அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போறது பக்கத்துலயே உக்காந்திருந்த ஆள்தான், நான் பாத்திருக்கேன், எனக்கே அந்த வருசம் பிரசர் வந்துச்சு.

அடுத்த வாரம் எங்க அண்ணனுக்கு ஆப்பரேஷன், நான்தான் கூட இருக்கப்போறேன். ரொம்ப பயமா இருக்கு. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? (மண்டபத்துலேர்ந்து ஒரு தம்பி)

பயப்படாதீங்க தம்பி, நம்ம நாட்டுல இந்த ஆப்பரேஷனை 1975-லயே சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில டாக்டர் கே.எம். செரியன் செஞ்சு காட்டிட்டார், இப்ப இது டாக்டர்களுக்குத் தினசரி வேலை. காப்பீட்டுல போறீங்கன்னா ஆதார், ரேசன் கார்டு, வருமானச் சான்று எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ். முதலமைச்சர் காப்பீட்டுக்கு குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். ரத்தம் கொடுக்க ஆள் கேப்பாங்க, கூட்டாளிங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க. சட்டை முன்னாடி பட்டன் வச்சதா எடுத்துக்கங்க, தலை வழியா மாட்டுற பனியன் வேணாம், கையத் தூக்க முடியாது. இப்ப சாப்பிடுற மாத்திரை அட்டையெல்லாம் ஒரு பையில போட்டுக் கொண்டுபோங்க, ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய எப்ப நிறுத்தணும்னு அவங்கதான் சொல்லுவாங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பீடி இன்னைக்கே நிக்கணும்.

ஒண்ணு மட்டும் தயாரா இருங்க. ஐசியூவுல மொதநாள் அண்ணனைப் பாத்தா ஆள் அடையாளம் தெரியாது. முகம் வீங்கி, வாயில மூச்சுக்குழாய், நெஞ்சுலேர்ந்து ரத்தம் வடியுற டியூப், கழுத்துல ஊசி, பேச முடியாது, குழாயப் பிடுங்கிராம இருக்க கையக்கூட லேசாக் கட்டியிருப்பாங்க. எங்க வீட்டுக்காரரை அப்படிப் பாத்துட்டு நர்ஸான நானே சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டாம் நாள் சிலபேர் சம்பந்தமில்லாமப் பேசுவாங்க, செத்துப்போன அப்பா வந்தார்னுவாங்க, பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சிரும், நர்ஸுங்ககிட்ட சொல்லி வைங்க. மூணு பந்து வச்ச ஒரு ஊதுற சாமான் கொடுப்பாங்க, அதை உள்ள இழுக்கணும், நம்மாளுங்க வெளிய ஊதிட்டு பந்து ஏறலன்னு வைவாங்க. திரும்பி வரும்போது கார்ல பின் சீட்டு, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல தலகாணி, மணிக்கு ஒரு தடவை நிறுத்தி நாலு எட்டு நடை.

லாத்தா, வாப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சு ரெண்டு மாசம். மீன் ஆணம் (கொழம்பு) இல்லாம சோறு இறங்காது. கருவாடு கொடுக்கலாமா? நெய்ச்சோறு? (கீழக்கரை)

மீன் தாராளமாக் கொடுங்க, சாளை, அயிலை ரொம்ப நல்லது, ஆனா ஆணமா கொடுங்க, பொரிச்சு வேணாம். தேங்காப்பாலைக் குறைச்சுக்கங்க. கருவாடு கூடாது தங்கச்சி, முழுக்க உப்பு அது, ஊறுகாயும் அப்பளமும் அதே கணக்குதான். நெய்ச்சோறு பெருநாளைக்கு ரெண்டு வாய், அவ்வளவுதான். சுகர் இருந்தா பேரீச்சம்பழம், கருப்பட்டி ரெண்டையும் எண்ணித்தான் கொடுக்கணும், கருப்பட்டி உடம்புக்கு நல்லதுன்னு டம்ளர் டம்ளரா காப்பி குடிக்கிறவங்களால எனக்குத் தலைவலி. ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும், நல்லாத்தானே இருக்கார்னு நிறுத்திராதீங்க, போட்ட குழாயும் அடைக்கும். நோன்பு பத்தி நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க: மாத்திரை நேரமெல்லாம் மாறும், அதனால ரமலானுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டரைப் பாத்துருங்க.

பேர் வேணாம் அக்கா. வீட்டுக்காரருக்கு ஆப்பரேஷன் ஆகி ரெண்டரை மாசம் ஆச்சு. புருசன் பொண்டாட்டியா இருக்கலாமா, யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல.

என்கிட்ட கேட்டீங்கள்ல, நல்லது. மூச்சு வாங்காம, நெஞ்சு வலிக்காம ரெண்டு மாடி ஏற முடிஞ்சா பெரும்பாலும் இருக்கலாம், வழக்கமா ஆறு எட்டு வாரத்துக்கு மேல. நெஞ்சுல பாரம் விழக்கூடாது, அவர் கைய ஊனிக்கிட்டு இருக்குற மாதிரியும் வேணாம். சாப்பிட்ட உடனே வேணாம். ஆர்வம் குறைவா இருந்தா அது மாத்திரையால இருக்கலாம், மனசாலயும் இருக்கலாம், உங்க மேல வெறுப்புன்னு நினைச்சுக்காதீங்க. ஆனா மெடிக்கல்ல சொல்லி வீரிய மாத்திரை வாங்குறதெல்லாம் கூடவே கூடாது, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையோட அது சேந்தா பிரசர் அப்படியே கீழ விழுந்துரும். அடுத்த செக்கப்புல அவரைத் தனியா உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருங்க, அவரே கேட்டுக்குவார்.