நோட்புக்கிலிருந்து அறிக்கை: கேட்டவர்களுக்குச் சொன்னவை

ஜூபிட்டர் நோட்புக் என்பது கோட், அதன் விடை, விளக்கம் மூன்றையும் செல் செல்லாக ஒரே கோப்பில் வைப்பது. அதை, கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் இருந்தபடியே அறிக்கையாக மாற்றுவது பற்றி வந்த கேள்விகள் இவை. கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: மெனுவில் போய்ச் சேமித்தாலே ஹெச்டிஎம்எல் கிடைக்கிறதே சார். கட்டளை எதற்கு?

ஒரே ஒரு நோட்புக், அதுவும் எப்போதாவது என்றால் மெனுவே போதும். வாராவாரம் அதே அறிக்கையை அனுப்புகிறவருக்கும், ஒரு ஃபோல்டரில் இருபது நோட்புக் வைத்திருப்பவருக்கும்தான் கட்டளை. மாற்றித் தரும் கருவியின் பெயர் என்பிகன்வெர்ட். அடிப்படை இதுதான்: ஜூபிட்டர் என்பிகன்வெர்ட் --டு ஹெச்டிஎம்எல், பிறகு கோப்பின் பெயர். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுப் புள்ளி ஐபிஒய்என்பி (நோட்புக் கோப்பின் பின்னொட்டு) என்று கொடுத்தால் ஃபோல்டரில் உள்ள அத்தனையும் மாறிவிடும். பழைய குறிப்புகளில் --டு இல்லாமலே எழுதியிருப்பார்கள். 2020-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து எந்த வடிவம் வேண்டும் என்று சொல்லியே ஆகவேண்டும்.

கேள்வி: தரவுக் கோப்பைப் புதுப்பித்துவிட்டுத்தான் கட்டளை கொடுத்தேன். அறிக்கையில் போன மாத எண்களே வருகின்றன. கணினி எதையாவது சேமித்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறதா?

கணினி ஏமாற்றவில்லை. மாற்றுவது வேறு, ஓட்டுவது வேறு. நோட்புக் கோப்பை ஒரு சாதாரண எடிட்டரில் திறந்து பாருங்கள். ஜேசன் என்ற உரை வடிவத்தில் நீங்கள் எழுதிய கோடும், கடைசியாக ஓட்டியபோது வந்த விடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வரைபடங்கள்கூட நீண்ட எழுத்துச் சரமாக அதற்குள்ளேயே கிடக்கும். என்பிகன்வெர்ட் அந்த விடைகளை எடுத்து அழகாக அடுக்கித் தருகிறது, அவ்வளவுதான். உங்கள் கோடை ஓட்டுவதே இல்லை.

புதிதாக ஓட்டி எடுக்க வேண்டுமானால் --எக்ஸிக்யூட் என்று சேர்க்க வேண்டும். கோடை ஓட்டுகிற பின்னணி நிரலான கெர்னலைப் புதிதாகத் தொடங்கி, முதல் செல்லிலிருந்து கடைசி செல்வரை வரிசையாக ஓட்டும். புதிய விடைகள் ஹெச்டிஎம்எல்லில் மட்டும் போகும், மூல நோட்புக் அப்படியே இருக்கும்.

நான் இதை எப்போதும் போடச் சொல்வதற்குக் காரணம், நானே ஒருமுறை மாட்டிக்கொண்டதுதான். ஒரு மாறியை உருவாக்கிய செல்லை அழித்துவிட்டேன். ஆனால் மாறி கெர்னலின் நினைவில் உயிரோடு இருந்ததால் கீழே எல்லாம் சரியாகவே ஓடியது. அறிக்கையையும் அனுப்பிவிட்டேன். வாங்கியவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது நான்காவது செல்லிலேயே பிழை. செல்லுக்கு இடப்பக்கம் உள்ள எண்களைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: 1, 2, 17, 9, 18 என்று இருந்தது. எண்கள் 1, 2, 3 என்று ஒழுங்காக ஏறவில்லை என்றால் அந்த அறிக்கையை நம்பாதீர்கள், உங்களுடையதாக இருந்தாலும்.

கேள்வி: --எக்ஸிக்யூட் போட்டேன். பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது, கோப்பே வரவில்லை.

நிற்பதுதான் நல்லது. பிழையைச் சரிசெய்யுங்கள். பிழையையே காட்டிப் பாடம் நடத்துகிற நோட்புக் என்றால் மட்டும் --அலவ்-எர்ரர்ஸ் சேருங்கள். அப்போது பிழைச் செய்தியும் அறிக்கையில் அச்சாகும், ஓட்டம் தொடரும்.

கெர்னலே இல்லை என்று சொன்னால் அது வேறு விஷயம். நோட்புக் எந்தக் கெர்னலில் எழுதப்பட்டதோ அதன் பெயரைக் கோப்புக்குள் வைத்திருக்கும். உங்கள் கணினியில் அந்தப் பெயரில் எதுவும் இல்லாவிட்டால் தடுமாறும். ஜூபிட்டர் கெர்னல்ஸ்பெக் லிஸ்ட் என்று அடித்தால் உங்களிடம் இருப்பவை தெரியும்.

கேள்வி: என் மேலாளருக்குக் கோட் வேண்டாமாம், வரைபடமும் விளக்கமும் போதுமாம்.

--நோ-இன்புட். கோட் செல்கள் மறையும், விடைகளும், மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) எழுதிய விளக்கப் பத்திகளும் நிற்கும். சில செல்களை மட்டும் மறைக்க வேண்டுமானால் அவற்றுக்கு ஒரு டேக் (அடையாளப் பெயர்) போட்டு, அந்த டேக் உள்ளவற்றை நீக்கு என்று அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதிவையுங்கள். கட்டளையிலேயே கொடுக்கலாம்தான், ஆனால் ஒரு முழ நீளத்துக்குப் போகும்.

கேள்வி: பிடிஎஃப் எடுத்தால் தமிழ்ப் பத்திகள் எல்லாம் வெறும் இடமாக வருகின்றன. ஆங்கிலம் சரியாக இருக்கிறது.

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. --டு பிடிஎஃப் என்றால் உங்கள் நோட்புக் நேராகப் பிடிஎஃப் ஆவதில்லை. மார்க்டவுன் பத்திகளைப் பாண்டாக் என்ற வடிவமாற்றி, லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழிக்கு மாற்றும், அப்புறம் ஸீலேடெக் என்ற நிரல் அதைப் பக்கமாக்கும். (பாண்டாக்கை எழுதியவர் ஜான் மெக்ஃபார்லன், தொழிலால் தத்துவப் பேராசிரியர்!) இந்த வழியில் இயல்பாக வருகிற எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஸீலேடெக் அதற்காக நின்றுவிடாது, எழுத்து இல்லாத இடத்தை வெறுமனே விட்டுவிட்டுப் போய்விடும். குறை லாக் கோப்பில் மட்டும் பதிவாகியிருக்கும்.

இரண்டு வழி உண்டு. --டு லேடெக் என்று கொடுத்து, வருகிற கோப்பில் தமிழ் எழுத்துருவை நீங்களே குறித்து, ஸீலேடெக்கைக் கையால் ஓட்டலாம். லேடெக் பழகியவர்களுக்கு இது சரி. மற்றவர்கள் --டு வெப்பிடிஎஃப் போடுங்கள். இது பின்னணியில் குரோமியம் பிரவுசரைத் திறந்து, ஹெச்டிஎம்எல் பக்கத்தை அதிலேயே அச்சிட்டு எடுக்கும். பிரவுசரில் தமிழ் தெரிந்தால் பிடிஎஃப்பிலும் தெரியும். குரோமியம் இல்லையென்றால் --அலவ்-குரோமியம்-டவுன்லோட் சேர்த்தால் இறக்கிக்கொள்ளும். அகலமான அட்டவணை பக்க விளிம்பைத் தாண்டி ஓடும் தொல்லை இரண்டு வழியிலுமே வரும். நெடுவரிசைகளைக் குறைப்பதைத் தவிர எனக்கு வேறு நல்ல வழி தெரிந்ததில்லை.

என்னைக் கேட்டால், யாராவது பிடிஎஃப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும்வரை ஹெச்டிஎம்எல்லே போதும்.

கேள்வி: வேர்ட் கோப்பாக வேண்டும். என்பிகன்வெர்ட்டின் பட்டியலில் காணோமே?

அதில் இல்லை. பாண்டாக்கிடம் போங்கள். 2019-இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து அது நோட்புக்கை நேரடியாகவே படிக்கும். பாண்டாக், நோட்புக் பெயர், -ஓ, பிறகு டாக்எக்ஸ் என முடியும் ஒரு பெயர். அதுவும் நோட்புக்கை ஓட்டாது என்பதை மறக்க வேண்டாம். குவார்ட்டோ என்ற அறிக்கைக் கருவியிலும் வேர்ட் எடுக்கலாம், அங்கும் ஐபிஒய்என்பி கோப்பைக் கொடுத்தால் நீங்கள் சொன்னால்தான் ஓட்டும்.

கேள்வி: ஹெச்டிஎம்எல்லை மின்னஞ்சலில் அனுப்பினேன். என்னிடம் எல்லாம் தெரிகிறது, அவரிடம் லோகோ படம் மட்டும் உடைந்திருக்கிறது. ரயிலில் திறந்தபோது சமன்பாடுகளும் டாலர் குறியோடு கிடந்தனவாம்.

கோட் வரைந்த படங்கள் ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே இருக்கும். மார்க்டவுனில் நீங்கள் இணைத்த லோகோ உங்கள் கணினியின் ஃபோல்டரில் அல்லவா இருக்கிறது? --எம்பெட்-இமேஜஸ் போட்டால் அதுவும் உள்ளே வந்துவிடும். சமன்பாடுகளை வரைகிற மேத்ஜாக்ஸ் நிரலை அந்த ஹெச்டிஎம்எல் பக்கம் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இணைப்பு இல்லாத இடத்தில் டாலர் குறிதான் மிஞ்சும். அந்த மாதிரி ஆட்களுக்குப் பிடிஎஃப் அனுப்பிவிடுங்கள், இங்கே மட்டும் என் பிடிவாதத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

கேள்வி: ஒரே நோட்புக்கைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். மாதப் பெயரைக் கையால் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பேப்பர்மில் என்ற கருவி இதற்குத்தான், மதிப்பை மாற்றி மாற்றி நோட்புக்கை ஓட்டித் தரும். மாறி உள்ள செல்லுக்கு பாராமீட்டர்ஸ் என்று டேக் போட்டுவிட்டு, கட்டளையில் -பி கொடுத்து மதிப்பை அனுப்புங்கள். வருகிற நோட்புக்கை அப்புறம் என்பிகன்வெர்ட்டுக்குக் கொடுங்கள். அது ஏற்கெனவே ஓடியது, இங்கே --எக்ஸிக்யூட் வேண்டாம்.

கேள்வி: ஒரு செல்லில் பாஸ்வேர்ட் அச்சாகிவிட்டது. --நோ-இன்புட் போட்டால் மறைந்துவிடுமா?

மறையாது. அது கோடை மறைக்கும், அச்சானது விடையில் இருக்கிறது. ஜூபிட்டர் என்பிகன்வெர்ட் --கிளியர்-அவுட்புட் --இன்பிளேஸ் கொடுத்தால் அந்த நோட்புக்கிலேயே விடைகள் எல்லாம் அழியும், நகல் எடுக்காது, பார்த்துச் செய்யுங்கள். கோடிலேயே பாஸ்வேர்டை எழுதியிருந்தால் அந்த வரியையும் எடுங்கள். கோப்பை ஏற்கெனவே யாருக்காவது அனுப்பிவிட்டீர்களா? அப்படியென்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.