பஸ்ஸுல சஹர், பறக்கக்குள்ள மஃரிப்: ராத்தாட்ட கேளுங்க

நோன்பு மாசம் வந்தா இந்தப் பக்கத்துக்கு வாற கேள்வியில பாதி பயணத்தப் பத்தினதுதான். முதல்லயே சொல்லிடுறன், நான் மௌலவி இல்ல. மருதானைல ஒரு டிக்கட் ஒஃபிஸ்ல 19 வருஷம் கதிரை தேய்ச்சவ, ஊருக்குப் போற சனம், மக்காவுக்கு உம்ரா பயணம் போற சனம், கல்ஃபுக்கு வேலைக்குப் போற புள்ளைகள் எல்லாரும் கவுண்டர்ல நிண்டு கேட்டத மௌலவிமார்ட்ட கொண்டு போய்க் கேட்டுக் கேட்டே கொஞ்சம் படிச்சுக்கிட்டன், அவ்வளவுதான். இங்க சொல்றது நம்ம நாட்டுல கூடுதலானவங்க போற ஷாஃபிஈ மத்ஹப், அதாவது ஷாஃபிஈ சட்ட வழி, படி. ஹனஃபி ஆக்களுக்கு கணக்கு கொஞ்சம் மாறும், உங்கட பள்ளில ஒருக்கா விசாரிச்சுக்கங்க.

கேள்வி: ராத்தா, நான் காத்தான்குடி, வெள்ளவத்தைல ஒரு கடைல வேலை. வியாழக்கிழமை காலைல கோட்டைல ரயில் ஏறி ஊருக்குப் போறன், பகல் முழுக்க ரயில்தான். அண்டைக்கு நோன்ப விடலாமா? ஒரு கூட்டாளி ரயில் வேணாம் நைட் பஸ்ல போ, அப்பதான் விடலாம்ங்கிறான். இன்னொருத்தன் எதுல போனாலும் விட ஏலாதுங்கிறான்.

தம்பி, ரெண்டு பேர்ட கதையும் அரைகுறை. பயணத்துல இருக்கிறவருக்கு நோன்ப விட்டுட்டு வேற நாள்ல புடிக்கிற சலுகை குர்ஆன்லயே இருக்கு, சூரா பகராவுல 184, 185 ரெண்டு வசனத்துலயும் திருப்பித் திருப்பி வருது. தூரம் கிட்டத்தட்ட 81 கிலோமீட்டருக்கு மேல இருக்கணும்ங்கிறாங்க, கொழும்புல இருந்து காத்தான்குடி 300 கிலோமீட்டருக்கு மேல, அதுல உங்களுக்கு சிக்கலே இல்ல. நீங்க மாட்டுறது நேரத்துல.

ஷாஃபிஈ மத்ஹப்ல சுபஹ், அதான் நோன்பு தொடங்குற விடியக்காலை நேரம், வாறதுக்கு முன்ன நீங்க ஊர் எல்லையத் தாண்டி இருக்கணும். சுபஹ் நேரம் கொழும்புல அஞ்சு மணி சொச்சம், ரயில் அதுக்குப் பிறகுதான் வெளிக்கிடும், அப்ப சுபஹ் வரக்குள்ள நீங்க வெள்ளவத்தை ரூம்ல உள்ளூர்க்காரர், நோன்பாளி. அதுக்குப் பிறகு ரயில் ஏறினதுக்காக அண்டைய நோன்ப விட ஏலாது. ஹன்பலி மத்ஹப்ல இதுக்கு இடம் இருக்கு, நம்மட்ட இல்ல. வழியில மயக்கம் வருது, உடம்புக்கு உண்மையிலயே முடியல எண்டா அது வேற சட்டம், அப்ப தண்ணியக் குடிச்சிட்டு பிறகு கழா செய்ங்க, அதாவது வேற நாள்ல புடிச்சுக் குடுங்க.

நைட் பஸ் கதைக்கு வாறன். ராத்திரி ஒன்பது பத்துக்கு ஏறுறீங்க, சுபஹுக்கு முன்ன பஸ் காத்தான்குடில இறக்கி விட்டுருது எண்டு வைங்க. உங்கட பயணம் அங்கயே முடிஞ்சு போச்சு, நீங்க உம்மாட வீட்டுல, சொந்த ஊர்ல. பயணமே இல்லாதவருக்கு பயணச் சலுகை எங்க இருந்து வரும்? நைட் பஸ்ல போனா விடலாம்னவர் இத யோசிக்கல. பஸ் பிந்தி, பொலன்னறுவைப் பக்கத்துல போகக்குள்ள சுபஹ் ஆகிடுச்சு எண்டாத்தான் அந்த சலுகைக்கே கதை இருக்கு.

சஹர், அதான் சுபஹுக்கு முன்ன சாப்பிடுற சாப்பாடு, அதுக்கு ஒரு சின்ன விஷயம். பஸ் நிப்பாட்டுற ஹோட்டல்ல ராத்திரி ஒரு மணிக்கு கொத்து ரொட்டிய அடிச்சிட்டு அதத்தான் சஹர்னு நினைச்சு தூங்குறவங்க நிறைய, அடுத்த நாள் பகல் தாகத்துல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக் கிடக்கும். வீட்டுல இருந்து ரெண்டு அவிச்ச முட்டை, வாழப்பழம், ஒரு போத்தல் தண்ணி கொண்டு போங்க, நாலரைக்கு ஃபோன்ல அலாரம் வச்சு எழும்பி சாப்பிடுங்க. கறிச் சோத்துப் பார்சல் வேணாம், மூடின ஏசி பஸ்ஸுல ஒரு ஆள் அவிழ்த்தா முழு பஸ்ஸும் முழிச்சிரும்.

இன்னொண்டு. மட்டக்களப்புப் பக்கம் கொழும்ப விட கிட்டத்தட்ட 7 நிமிஷம் முன்னாடி சூரியன் மறைஞ்சு மஃரிப் ஆகும், கிழக்கு இல்லையா. அதனால ஊர்ல போய் இறங்கின பிறகு கொழும்பு பாங்கு மட்டும் காத்திருக்கத் தேவையில்ல. ஆனா திரும்பி வரக்குள்ளதான் மாட்டுவீங்க. ஒருக்கா பின்னேரம் ஊர்ல இருந்து வாற பஸ்ல எனக்கு முன் சீட்டு நானா, குருநாகல் கிட்ட ஊர் நேரத்தப் பாத்துட்டு பேரீச்சம்பழத்த வாயில போட்டுட்டாரு. வெளிய தென்னந்தோப்புக்குள்ள சூரியன் சிவப்பா அப்படியே நிக்கிது! ஜன்னலக் காட்டினன், மனுசன் அரைவாசி மெண்டதத் துப்பவும் ஏலாம முழுங்கவும் ஏலாம முழிச்ச முழி. பிறகு துப்பினாரு. ஆனா அதுக்கு முன்ன கொஞ்சம் உள்ள போயிருக்கும்தானே, அந்த நோன்ப கழா செய்யத்தான் வேணும்.

கேள்வி: மகள் கட்டாருக்கு வேலைக்குப் போறா, நோன்பு பத்துல ஃப்ளைட், பின்னேரம் நாலு மணிக்கு கட்டுநாயக்கால ஏறுறா. எந்த நாட்டு நேரத்துக்கு நோன்பு துறக்கிறது? கொழும்பா, டோஹாவா?

ரெண்டும் இல்ல. ஃப்ளைட் ஜன்னல்ல தெரியுற சூரியன் எப்ப மறையுதோ அப்ப. கீழ எந்த நாடு, அங்க பாங்கு சொல்லியாச்சா எண்டதெல்லாம் கணக்கில்ல. உயரத்துல இருக்கிறதால கீழ தரை இருட்டின பிறகும் மேல உங்களுக்கு சூரியன் தெரியும், அது மறையுற மட்டும் பொறுக்கணும்.

மேற்கால போற ஃப்ளைட் சூரியனத் துரத்திக்கிட்டே போகும், பகல் இழுபட்டுக்கிட்டே இருக்கும். கொழும்புல ஆறரைக்கு முன்ன மஃரிப் ஆகிடும், அந்த நேரம் மகள் அரபிக் கடலுக்கு மேல, வெளிய நல்ல வெயில். டோஹால மஃரிப் அந்த ஊர் நேரம் அஞ்சரை சொச்சம், கட்டார் நம்மள விட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு, அப்ப நம்ம நேரத்துக்கு எட்டு மணி. அவக்கு சூரியன் மறையுறது அதுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அதாவது வீட்டுல நீங்க கஞ்சி குடிச்சு ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆகியும் புள்ள நோன்போட இருப்பா. இத முன்னாடியே சொல்லி வைங்க. இல்லாட்டி ஃபோன்ல கொழும்பு நேரத்த வச்சிக்கிட்டு துறந்துருவா, எங்கட கவுண்டர்ல டிக்கட் வெட்டின எத்தனையோ புள்ளைகள் அப்படித் துறந்துட்டு பிறகு கோல் எடுத்து அழுதிருக்கு.

டிக்கட் இன்னும் சீட் போடலன்னா இடது பக்க ஜன்னல் சீட்டாக் கேளுங்க, கொழும்பு டோஹா ரூட்டுல பின்னேர வெயில் அந்தப் பக்கம்தான். ஏறினதும் எயார் ஹோஸ்டஸ்ட்ட நோன்பு எண்டு சொல்லி வச்சா சாப்பாட்ட எடுத்து வச்சுத் தருவாங்க. கல்ஃப் ஃப்ளைட்டுகள்ல நோன்பு மாசத்துல இஃப்தார் பொட்டி குடுக்கிறதும் வழக்கம், ஆனா அத நம்பிப் போகாதீங்க, ஹேண்ட்பேக்ல நாலு பேரீச்சம்பழம் போட்டு விடுங்க.

நாலு மணி ஃப்ளைட்டுக்கு அண்டைக்கு நோன்ப விடலாமான்னு நீங்க கேக்கல, ஆனா மேல தம்பிக்கு சொன்ன அதே பதில்தான். சுபஹுக்கு அவ வீட்டுல இருந்தாளே. சுபஹுக்கு முன்ன ஊரத் தாண்டிப் பறக்கிற ஃப்ளைட்டா இருந்தா கதை வேற.

கேள்வி: போன முறை உம்ரால இருந்து நோன்பு கடைசியில வந்தன், அங்க ஒரு நாள் முந்தித் தொடங்கினது. எனக்கு 31 நோன்பு வந்துட்டா என்ன செய்றது?

புடிக்கத்தான் வேணும். எந்த ஊர்ல இருக்கிறமோ அந்த ஊரோட பெருநாள். நமக்கு கொழும்பு பெரிய பள்ளில பிறை மாநாடு கூடித்தான் முடிவு, அங்க பிறை கண்டாச்சு எண்டு சொல்ற மட்டும் நீங்களும் எங்களோடதான். மறுபக்கம் இன்னும் சிக்கல். 2025ல சவூதில மார்ச் 1 நோன்பு ஆரம்பம், நமக்கு மார்ச் 2. அவங்களுக்கு 29ல முடிஞ்சு மார்ச் 30 பெருநாள். இங்க தொடங்கிட்டு கடைசிப் பத்துல மக்காவுக்குப் போனவங்களுக்கு கைல 28தான். அவங்களோட பெருநாளக் கொண்டாடிட்டு பிறகு ஒண்டு கழா. மாசம் எண்டா குறைஞ்சது 29.

உம்ரா போறவங்க இதையும் கேட்டுக்கங்க, மக்கால போற நாளும் வாற நாளும் போக முழுசா நாலு நாள் தங்குற திட்டம் இருந்தா அங்க போய் இறங்கினதும் நீங்க பயணி இல்ல, நோன்பு கடமை.

கேள்வி: அக்கா, நான் இந்து, பம்பலப்பிட்டியில ஒஃபிஸ். எங்கட டீம்ல ரெண்டு முஸ்லிம் பையன்கள். அடுத்த கிழமை எல்லாரும் வேன்ல யாழ்ப்பாணம் போறம். அவங்க நோன்பு எண்டா நாங்க முன்னால சாப்பிட்டா மனசு கஷ்டப்படுவாங்களா?

படமாட்டாங்க தம்பி, ஒஃபிஸ் கென்டீன்ல தினமும் பாக்கிறதுதானே. தாராளமா சாப்பிடுங்க. செய்ய விருப்பம் எண்டா ஒண்டு செய்ங்க, மஃரிப் நேரத்துல வேன எங்கயாவது பள்ளி கிட்ட ஒரு கால் மணித்தியாலம் நிப்பாட்டச் சொல்லி ட்ரைவர்ட்ட முன்னாடியே கதைச்சு வைங்க. நோன்பு மாசத்துல வழியில போறவங்களுக்கு கஞ்சி குடுக்காத பள்ளி குறைவு, இறங்கினா உங்களுக்கும் ஒரு கோப்பை வரும், வேணாம் எண்டா விடமாட்டாங்க. அவங்க பயணத்துல நோன்ப விட்டிருந்தா ஏன் புடிக்கல எண்டு மட்டும் கேக்காதீங்க, கேள்வி சின்னது, பதில் சொல்றவருக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

கேள்வி: ராத்தா இத எழுதவே வெக்கமா இருக்கு. தெமட்டகொடைல இருந்து மாப்பிள்ளட ஆக்களோட வேன்ல புத்தளம் போனம், சுபஹுக்கு முன்ன நாலு மணிக்கே வெளிக்கிட்டம். எனக்கு அண்டைக்கு தொழுகையில்லாத நாள். வேன்ல மாமனார், மச்சான்மார், எல்லாரும் நோன்பு. சிலாபத்துல பெட்ரோல் ஷெட் டொய்லட்டுக்குள்ள போய் தண்ணி குடிச்சன். மாமி அப்பவும் "என்ன இவ்வளவு நேரம்" எண்டாங்க. நான் செஞ்சது சரியா?

தங்கச்சி, தண்ணி குடிச்சது சரி. குடிச்ச இடம்தான் எனக்குப் பொறுக்கல.

சின்ன வயசுல வாப்பா உம்மாவோட மட்டக்களப்பு ரயில்ல போன ஒரு நோன்பு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மாஹோ தாண்டி இருக்கும். உம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்ப முகத்துக்கு மேல இழுத்து, அதுக்குள்ள ஒரு பணிஸ கொஞ்சம் கொஞ்சமாப் பிச்சு வாயில வச்சுக்கிட்டு இருந்தாங்க. வாய் அசையாம மெண்டாங்க, எப்படித்தான் மெண்டாங்களோ. எனக்கு அப்ப ஒன்பது வயசு, அரை நோன்பு புடிக்கிற வீராப்பு வேற, "உம்மா, நீங்க நோன்பில்லையா?" எண்டு பெட்டியே கேக்குற மாதிரி கேட்டுட்டன். உம்மா மீதிப் பணிஸ மடிக்குள்ள அமத்திட்டு ஊர் போய்ச் சேருற மட்டும் ஒண்டும் சாப்பிடல. ஏன்னு எனக்கு விளங்க இன்னும் நாலஞ்சு வருஷம் எடுத்துச்சு.

மாதவிடாய் வாற அந்த நாள்ல பொம்பளைக்கு நோன்பு கடமையில்ல எண்டு மட்டும் இல்ல, புடிக்கவே கூடாது, பிறகு கழாதான். இது வேன்ல இருக்கிற ஆம்பளைகள் எல்லாருக்கும் மத்ரஸால படிச்ச விஷயம். இன்னொண்டையும் கவனிச்சீங்களா? புத்தளம் 130 கிலோமீட்டர், சுபஹுக்கு முன்ன வெளிக்கிட்டிருக்கீங்க, அந்த வேன்ல இருந்த எல்லாருக்குமே அண்டைக்கு விடுற சலுகை இருந்துச்சு. அவங்க புடிச்சது அவங்கட விருப்பம், கஷ்டமில்லாட்டி புடிக்கிறது நல்லதுதான். ஆனா நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்களோட பயணம் போன சஹாபாக்கள்ல நோன்பு புடிச்சவங்க விட்டவங்களக் குறை சொல்லல, விட்டவங்க புடிச்சவங்களையும் குறை சொல்லல எண்டு அனஸ் ரலியல்லாஹு அன்ஹு சொல்றாங்க. ஒரு பயணத்துல ஆள் ஒருத்தர் நோன்பால வாடிப்போய் சனம் சுத்தி நிண்டு நிழல் புடிச்சதக் கண்டுட்டு, இப்படிப் பயணத்துல நோன்பு புடிக்கிறது நன்மையில்ல எண்டும் நபியவங்க சொல்லியிருக்காங்க.

சபைல காட்டிக் காட்டி சாப்பிடச் சொல்லல, நோன்பு மாசத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. பின் சீட்டுக்குப் போய், போத்தல எடுத்து, திரும்பி இருந்து குடிங்க. மாமிட்ட வெளிக்கிட முன்ன காதுல ஒரு வார்த்தை, "மாமி, எனக்கு இண்டைக்கு இல்ல". அவங்களும் இதையெல்லாம் கடந்து வந்தவங்கதானே. மாப்பிள்ளட்டயும் சொல்லி வைங்க, அடுத்த முறை ஷெட்டுக்குப் பதிலா ஒரு கடை கிட்ட வேன நிப்பாட்டி, "உனக்கு ஏதும் வேணுமா" எண்டு கேக்கிறது அவர்ட வேலை.

கேள்வி: வாப்பாக்கு சுகர், குளிசை எடுக்கிறாரு. பெருநாளைக்கு முன்ன மாத்தறை வரைக்கும் அவரே கார் ஓட்டிப் போகணும்ங்கிறாரு, நோன்போட.

ஓட்ட விடாதீங்க. க்ளிக்ளஸைட் மாதிரி குளிசை எடுக்கிறவங்களுக்கு வெறும் வயித்துல சுகர் திடீர்னு இறங்கும், ஹைவேல 100ல போகக்குள்ள கை நடுங்கி கண் மங்கினா கார்ல இருக்கிற எல்லாருக்கும் ஆபத்து. நோன்பு தொடங்க முன்னமே க்ளினிக்ல டொக்டர்ட்ட குளிசை அளவு, நேரம் கேட்டிருக்கணும், இன்னும் கேக்கலன்னா இப்பயாவது கேளுங்க. விரல்ல குத்தி டெஸ்ட் பண்றதால நோன்பு முறியாது, மெஷினக் கையோட கொண்டு போங்க. 70க்கு கீழ போனா, இல்லாட்டி 300க்கு மேல ஏறினா நோன்ப உடனே விடச் சொல்லித்தான் டொக்டர்மார் சொல்றாங்க. அப்ப இன்னும் பத்து நிமிஷம் பாப்பம் எண்டு வாப்பா சொல்லுவாரு, கேக்காதீங்க.

கேள்வி: எனக்கு மலைப் பயணம் ஆகாது, கடுகண்ணாவைல வாந்தி நிச்சயம். கண்டிக்குப் போனா நோன்பு முறிஞ்சிருமா?

தானா வந்தா முறியாது. விரலப் போட்டு எடுத்தா முறிஞ்சிரும், வாய்க்கு வந்தத தெரிஞ்சுக்கிட்டே திருப்பி விழுங்கினாலும் முறிஞ்சிரும். வாந்திக் குளிசை எடுக்கிறவரா இருந்தா சஹரோட எடுத்துடுங்க, சஹர்ல எண்ணெய்ச் சாமான் வேணாம். முன் சீட்டுல இருங்க, ஃபோனப் பாக்காதீங்க, பொலித்தீன் பேக் ரெண்டு மடியில வச்சுக்கங்க, ஒண்டு உங்களுக்கு, மத்தது உங்களப் பாத்துட்டு எடுக்கப் போற பக்கத்து சீட்டு ஆளுக்கு.