ஆறு வளைந்தால் அடியில் நிலப்பிளவு இருக்குமா?

கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கேப்பர் மலை அடிவாரத்தில் ஆறு சென்ட் மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன் சார். திருவந்திபுரத்தில் கெடிலம் ஆறு வடக்கே திரும்புவதற்கு அடியில் இருக்கும் நிலப்பிளவுதான் காரணம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வீடு கட்டலாமா?"

சரி, முதலில் அந்த வளைவு. நிலப்பிளவு என்றால் பூமிக்குள் பாறை உடைந்து, இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த கோடு. ஒரே ஒரு வளைவை வைத்து நிலப்பிளவு என்று முடிவுகட்டக் கூடாது. கடலைப் பார்த்து வரும் ஆற்றுக்கு எதிரே மேடு குறுக்கிட்டால் அது ஓரமாக ஒதுங்கித்தான் போகும். இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் பிளவு விட்டுவைக்கும் தடயமே வேறு. கலிபோர்னியாவில், சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல், வாலஸ் ஓடை என்று ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து நேராக இறங்கி வருகிறது, பிளவைத் தொட்டதும் சட்டென்று திரும்பி அந்தக் கோட்டோடேயே சுமார் 130 மீட்டர் ஓடி, அப்புறம் மறுபடி பழைய திசையைப் பிடிக்கிறது. வருஷத்துக்கு ஏறத்தாழ 34 மில்லிமீட்டர், அதாவது நம் நகம் வளரும் வேகத்தில், 3,700 ஆண்டுகளாக நிலம் நகர்ந்ததால் வந்த விலகல் அது. பக்கத்து ஓடைகளும் அதே கோட்டில் அதே பக்கம் விலகியிருக்கும். அதுதான் சாட்சி.

மலையே எழும்பும் கதையும் உண்டு. பாயை ஒரு ஓரத்திலிருந்து தள்ளினால் நடுவில் மடிப்பு எழும்புமே, அப்படி. அதே கலிபோர்னியாவில் வீலர் ரிட்ஜ் என்ற மேடு இப்படித்தான் கிழக்கு நோக்கி நீண்டுகொண்டே வந்தது. குறுக்கே ஓடிய ஆறு, மேடு எழும்பும் வேகத்துக்கு ஈடுகொடுத்து அறுத்தவரை நடுவே போனது, முடியாதபோது மேட்டின் நுனியைச் சுற்றிக்கொண்டது. கைவிட்ட பழைய வழி இன்றும் தண்ணீரில்லாத கணவாயாக மேலே நிற்கிறது. ஒரே நாளில் நடந்ததும் உண்டு: 1819 ஜூன் 16 அன்று கட்ச் நிலநடுக்கத்தில் நீளமாக ஒரு கரை எழும்பி சிந்து நதியின் ஒரு கிளையை மறித்தது, சிந்த்ரி கோட்டை நீரில் மூழ்கியது. கடவுள் கட்டிய கரை என்று மக்கள் அதை 'அல்லா பந்த்' என்றார்கள். 1826 வெள்ளம்தான் அதை அறுத்து வழிவிட்டது.

கேப்பர் மலை அந்த ரகம் இல்லை. நம் ஊர்ப் பெயரையே வைத்து 'கடலூர் மணற்கல்' என்று அழைக்கும் பாறை அது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இந்தப் பாறையில்தான் இருக்கின்றன. அடுக்குகள் கூர்மையாக மடிந்து நிற்காமல் கடல் பக்கம் லேசாகச் சரிந்து படுத்திருக்கின்றன. அதற்காக நிலநடுக்கமே வராது என்று நினைக்க வேண்டாம், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் சுமார் 5.5 அளவில் வந்தது. அஸ்திவாரத்துக்கு மேல் ஓடும் பிளிந்த் பீமையும், கதவு ஜன்னல்களுக்கு மேல் ஓடும் லிண்டல் பெல்ட்டையும் கம்பி போட்டு, வீட்டைச் சுற்றி விடாமல் ஓட்டச் சொல்லுங்கள், மேஸ்திரி வேண்டாம் என்றாலும்.

நான் உண்மையில் பயப்படுவது தண்ணீருக்கு. அங்கே ஓடைப் பள்ளத்தில் இறங்கி அதன் சுவரை வண்டிச் சாவியால் கீறிப் பாருங்கள். சிவப்பு மணல் பொலபொலவென்று உதிரும், நடுநடுவே வெள்ளைக் கூழாங்கல் கழன்று கையில் வரும். ஒரு கனமழையில் விளிம்பு அடி அடியாகச் சரியும் மண் அது. மனை அந்த விளிம்பில் இருந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

தள்ளி இருந்தால், மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடமும், எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் வாங்கி ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். 2015 மழையிலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பத்திரம் பதிவதற்கு முன் பத்தடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள், ஆனால் சுவர் சரியும் மண் என்பதால் யாரும் உள்ளே இறங்க வேண்டாம். மேல் மண்ணுக்குக் கீழே சலித்தது போன்ற ஆற்று மணல் வந்தால் கெடிலம் ஒரு காலத்தில் அந்த வழியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படி வந்தால் அளவு தெரிய ஒரு டேப்பைத் தொங்கவிட்டு, மேலிருந்தே குழிச் சுவரைப் படமெடுத்து அனுப்புங்கள், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.